சட்டையில் குத்திய சீட்டு

ராயபுரம்
20-1-1974

சேசு மரி சூசை.

என் தங்கை வியாகுலம்மாளுக்கு அண்ணன் கஸ்பார் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முட்டியைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உன் சுகமும், மகன் வால்டர், மருமகள் சுகிர்தம் இவர்கள் சுகமும் தெரிய வேண்டும்.

எழுதிக்கொள்வது என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அறுபத்து நாலு வயது வரைக்கும் இந்த வார்த்தையை எனக்காக நீதான் எழுதினாய். ஹார்பரில் வேலை கேட்டு மனு எழுதினது நீ. லீவு கேட்டு எழுதினது நீ. இன்றைக்கு என் கையே எழுதுகிறது. பக்கத்தில் யாரும் இல்லை.

கோயில் மண்டபத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆலிஸ் டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். எட்டு மாதமாகப் போகிறேன். பதினோரு பேரில் நான்தான் கிழவன். நான்தான் முதல். இப்போது தெருவில் நடந்தால் சுவரெல்லாம் என்னோடு பேசுகிறது. ஹார்பர் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவரில் முப்பது வருஷம் சாய்ந்து பீடி குடித்தேன். போன வாரம்தான் அதைப் படித்தேன். இங்கே புகை பிடிக்காதே என்று போட்டிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வால்டர் கேக் கொண்டுவந்தபோது உன் கன்னம் வீங்கியிருக்கிறது என்றான். "அம்மாவுக்குக் கடவாப் பல்லு ஒண்ணு பேஜார் பண்ணுது மாமா. டாக்டர்னு சொன்னா அடிக்க வர்றாங்க" என்றான். சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு யாருக்குக் காட்டப்போகிறாய்? உடனே போய்ப் பிடுங்கிவிடு.

டீச்சர் எங்களுக்கு வீட்டுப் பாடம் கொடுத்திருக்கிறாள். நான் படித்த பள்ளிக்கூடம் என்று எழுத வேண்டும். நான் படித்ததே ஒரு வருஷம்கூட இல்லை. அதில் எழுதுகிற மாதிரி இருப்பது ஒரு நாள்தான். பல் டாக்டர் வந்த நாள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நாலு கார்டு ஆகிவிட்டது. மூலையில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கிறேன். அந்த வரிசையில் படி.

உன் பிரியமுள்ள அண்ணன்,
கஸ்பார் (சொந்தக் கையெழுத்து)


நெட்டுக்குப்பம்
3-2-1974

அன்புள்ள அண்ணனுக்கு வியாகுலம் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உன் முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவு.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் வாசல்வரைக்கும்தான் இருந்தது. ஏனென்றால் எனக்கு முன்னால் அதை நெட்டுக்குப்பம் முழுக்கப் படித்துவிட்டது. தபால்காரர் கலீலுல்லா கார்டை ஆட்டிக்கொண்டே வந்தார். "இன்னாம்மா, உனுக்குப் பல்லு பேஜாராமே! கன்னம் வீங்கிக்கினு கீதாமே! உங்க அண்ணாத்தை எய்திக்கீறாரு" என்று தெரு முனையிலிருந்தே கத்தினார். நாலாவது கார்டை முதலில் படித்து, முதல் கார்டைக் கடைசியில் படித்திருக்கிறார். அதனால் எனக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று, பிறகுதான் வீங்கியது என்று ஊருக்குச் செய்தி போய்விட்டது. மூன்று பேர் கிராம்பு கொண்டுவந்தார்கள். ஒருத்தி புகையிலை. எதிர்வீட்டுக் கெங்கம்மா ஒரு தாயத்தே கொண்டுவந்து, "உங்க மாதாவுக்குத் தெரியாம கட்டிக்கினு இரு" என்கிறாள்.

ராயபுரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் எண்ணூர். சொல்ல வேண்டியதை வந்து சொல்லக்கூடாதா? நீ இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. உள்ளூரிலிருந்து உள்ளூருக்கு நாலு கார்டு போடுகிற மனிதனை நான் பார்த்ததில்லை.

என் பல் நன்றாக இருக்கிறது. கன்னம் வீங்கியது பனிக் காற்றினால். பல் டாக்டர் வந்த நாளைப் பற்றி எழுதாதே. வேறு நாளே கிடைக்கவில்லையா? என் வகுப்பு ஃப்ளோரன்ஸ் மதில்மேலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாளே, அதை எழுது. எல்லாரும் சிரிப்பார்கள்.

தங்கை,
வியாகுலம்


ராயபுரம்
25-2-1974

சேசு மரி சூசை.

தங்கை வியாகுலத்துக்கு, நான் சுகம். முட்டிதான் எழுந்தால் உட்கார விடுவதில்லை, உட்கார்ந்தால் எழ விடுவதில்லை. ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டை நினைத்தாலே அது கத்துகிறது. அதனால்தான் வரவில்லை. நீ சுகமா?

இந்தத் தடவை ஒட்டுகிற கடிதம் வாங்கினேன். கலீலுல்லாவால் பிரிக்க முடியாது.

நீ எழுதாதே என்று சொன்னது வருவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். டீச்சர் பத்துக்கு எட்டு போட்டாள். உனக்காக அதைத் திரும்ப எழுதுகிறேன். ஆறு சாயங்காலம் பிடித்தது.

ஹார்பரில் ஒரு கப்பல் பழுது பார்ப்பதற்காக நின்றது. அதில் வெள்ளைக்காரப் பல் டாக்டர் ஒருவன் இருந்தான். நம் சாமியார் அவனைக் கெஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தார். முதல் நாள் அவன் எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தான். அவன் சொல்லச் சொல்ல ராசையா வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு எழுதினார். மேலே பிள்ளையின் பெயர். கீழே எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்ற குறிப்பு. பிடுங்க வேண்டாம் என்றால் ஒரு கோடு. மறுநாள் அவரவர் சட்டையில் சீட்டைக் குண்டூசியால் குத்தி வரிசையில் நிறுத்தினார்கள். கப்பல் சாயங்காலம் புறப்படுகிறது என்று டாக்டருக்கு ஒரே அவசரம்.

சாமியாரின் சாய்வு நாற்காலியைப் பூவரச மரத்தடியில் போட்டார்கள். பக்கத்தில் உப்புத் தண்ணீர் வாளி. துப்புவதற்குச் சாம்பல் போட்ட சட்டி. முதலில் உட்கார்ந்த ஸ்டானிஸ்லாஸ் டாக்டரின் விரலைக் கடித்தான். இன்னொருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். அவனை இறக்கச் சாமியார் ஏறினார். சாமியாரை இறக்க, மணியடிக்கிற கோயில்பிள்ளை ஏறினார். (இந்த இடத்தில் டீச்சர் சிரித்தாள். இதற்கே ஐந்து மார்க்கு இருக்கும்.)

பிறகு நீ உட்கார்ந்தாய். உனக்கு எட்டு வயது. மேல்வரிசை முன்பல் அப்போதுதான் முளைத்து அரிசி மாதிரி இருந்தது. டாக்டர் உன் வாயைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். திரும்பவும் வாயைப் பார்த்தான். வாத்தியாரிடம் என்னவோ கேட்டான். வாத்தியார் அவன் காட்டின பல்லைத் தொட்டு, "இதுவாம்மா நோவுது?" என்றார். நீ ஆமாம் என்று தலையாட்டினாய். ஏன் ஆட்டினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பயத்தில் ஆட்டியிருப்பாய். ஒரே இழுப்பு. நல்ல பல் போய்விட்டது. டாக்டர் குடித்துவிட்டு வந்திருந்தான். இது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கதை முடிந்தது. ஒரு குடிகாரன் செய்ததற்காக உலகத்தில் இருக்கிற பல் டாக்டர்களை எல்லாம் வெறுக்காதே. போய்ப் பிடுங்கிக்கொள்.

இப்படிக்கு,
எட்டு மார்க்கு வாங்கிய
கஸ்பார்


நெட்டுக்குப்பம்
17-3-1974

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். முட்டியைப் பற்றி நீ எழுதுவதைப் பார்த்தால் அதற்குத் தனியாக விசாரித்து எழுத வேண்டும்போல இருக்கிறது.

உன் டீச்சர் எட்டு மார்க்கு போட்டது அநியாயம். முதலாவது, டாக்டர் குடித்திருக்கவில்லை. அவன் மூச்சு என் மூக்குக்கு நேராக இருந்தது. கிராம்பு எண்ணெய் வாசனை மட்டும்தான் வந்தது. ஐம்பத்து மூன்று வருஷமாக அந்த மனிதனைக் குடிகாரன் ஆக்கி வைத்திருக்கிறாய். அவன் செத்தே போயிருப்பான், பாவம்.

இரண்டாவது, உன் கதையில் ஒரு ஆள் குறைகிறது. யார் என்று நான் எழுதப் போவதில்லை. நீயே எண்ணிப் பார்.

தபசுக் காலம் என்பதால் கஞ்சிதான் குடிக்கிறேன். நாற்பது நாளும் கஞ்சி மட்டும் என்று மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன். அதனால் வாய்க்கு வேலை இல்லை, பல்லுக்கும் தொந்தரவு இல்லை. இனிமேல் பல்லைப் பற்றி ஒரு வரி வந்தாலும் பதில் போட மாட்டேன். மீன் விலை எழுது, மழை எழுது, உன் டீச்சருக்குக் கல்யாணம் ஆகிறதா என்று எழுது.

வியாகுலம்


ராயபுரம்
26-4-1974

சேசு மரி சூசை.

தங்கை வியாகுலத்துக்கு, சுகம். ஈஸ்டர் பூசைக்கு நீ ராயபுரம் வருவாய் என்று முன்வரிசையில் இடம் பிடித்து வைத்தேன். கடைசியில் அந்த இடத்தில் ஃப்ளோரன்ஸ் உட்கார்ந்துவிட்டாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் மடியிலிருந்து கடலை உருண்டையை எடுத்துக் கடிக்கிறாள். அதே உடைந்த முன்பல்லால்! "இன்னா கஸ்பாரு, உன் தங்கச்சி வர்ல? அவ சிரிச்சி நான் பார்த்ததே இல்லப்பா, எப்பவும் முந்தானையால வாயை மூடிக்கினு" என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள்மேல் எதற்குக் கோபப்பட வேண்டும் என்றும் தெரியவில்லை.

நீ சொன்ன மாதிரி என் கதையில் ஆட்களை எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறார்கள்.

நேற்று வால்டர் வந்தான். வேலையில் கொடுத்த மிட்டாயைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தான். அம்மா எப்படி இருக்கிறாள் என்றேன். "கஞ்சிதான் குடிக்கிறாங்க மாமா" என்றான். ஏன் வியாகுலம், தபசு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஆண்டவரே உயிர்த்தெழுந்து சாப்பிட்டுவிட்டார். நீ இன்னும் யாருக்காகக் கஞ்சி குடிக்கிறாய்? என்னை ஏமாற்றுகிறாயா? படிக்கத் தெரியாத காலத்தில் ஏமாற்றியிருக்கலாம். இப்போது நடக்காது.

உண்மையை எழுது.

அண்ணன்,
கஸ்பார்


நெட்டுக்குப்பம்
4-5-1974

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகள் சுகிர்தம் தாழ்மையாக எழுதுவது. தாங்கள் சுகம் என்று நம்புகிறேன். அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அத்தைக்குச் சுகம் இல்லை. இரண்டு மாதமாக நோன்பு என்று சொல்லி எங்களையும் ஏமாற்றினார்கள். வலது பக்கத் தாடை கல் மாதிரி வீங்கியிருக்கிறது. சாயங்காலமானால் காய்ச்சல். வாயில் இரண்டு விரல்கூட நுழையாது. பக்கத்து டிஸ்பென்சரி டாக்டரை வீட்டுக்கே அழைத்துவந்தோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை கொஞ்ச நாள்தான் தாங்கும், பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கியே ஆக வேண்டும், விட்டால் சீழ் எலும்புக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்.

உங்கள் மருமகன் கெஞ்சிப் பார்த்தார், சத்தமும் போட்டார். அத்தை ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள். "சீட்டு எய்தி நாற்காலியில சாயச் சொல்றவன் எவன்கிட்டயும் நான் வாயைத் தொறக்க மாட்டேன்." என்ன சீட்டு என்று கேட்டால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் சொன்னால் கேட்பார்கள். உங்கள் கடிதங்களை மட்டும் பைபிளுக்குள் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வாருங்கள்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
சுகிர்தம்


ராயபுரம்
9-5-1974

வியாகுலம்,

சுகம் விசாரிக்கவில்லை. உன் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது. சுகிர்தத்தைத் திட்டாதே.

நேற்றிலிருந்து ரயில் ஓடவில்லை. நாடு முழுக்க வேலைநிறுத்தம். தபால் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் எழுதுகிறேன். இதுவரை எழுதின கடிதங்களைச் சந்தோஷமாக எழுதினேன். இதை எழுத எனக்கு இஷ்டமே இல்லை.

முட்டி வலியால் வரவில்லை என்று எழுதியது பொய். முட்டி வலிக்கிறதுதான். ஆனால் அதே முட்டியோடு நான் மாதவரம்வரை போய்வந்தேன். வந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். காகிதம் பார்க்காது. அதனால்தான் கார்டு போட்டுக்கொண்டே இருந்தேன்.

கதையில் குறைகிற ஆள் நான். சீட்டைக் குத்தினார்கள் என்று எழுதினேன். உங்கள் வகுப்புக்குக் குத்தினது நான்தான்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. பதினோரு வயதில் உங்கள் பக்கத்து வகுப்பில் உட்கார்ந்து, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பேன். அதே பாடத்தை நீ வீட்டில் உரக்கப் படிப்பாய், நான் காதால் பிடித்துக்கொள்வேன். மாட்டுப் படம் இருந்தால் மாட்டுப் பாடம். கப்பல் படம் இருந்தால் கப்பல் பாடம். "ஈஸ்டருக்குள்ள இவனுக்குப் படிக்க வர்லன்னா தோணிக்கு இட்டுக்கினு போய்டுவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். ராசையா வாத்தியாரோ, கஸ்பார் நன்றாகப் படிக்கிறான் என்று அப்பாவிடமே சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கு எனக்குப் புதுச் சட்டை வாங்கிவந்தார்.

அப்படிப்பட்ட என்னிடம் வாத்தியார் சீட்டுக் கட்டைக் கொடுத்து, "பேரைப் படிச்சுக் குத்துடா" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் நாள் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்த வரிசையிலேயே சீட்டுகள் இருந்தன. அது எனக்குத் தெரியும். அதனால் உதட்டை மட்டும் அசைத்து, வரிசைப்படி குத்திக்கொண்டே போனேன். எல்லாருக்கும் சரியாக வந்தது. ஃப்ளோரன்ஸ் மட்டும் பயந்துகொண்டு அன்று காலையில் உன்னோடு இடம் மாறி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உடைந்த பல்லின் சீட்டை உன் சட்டையில் குத்திவிட்டேன். கோடு போட்ட உன் சீட்டு அவளுக்குப் போனது.

நீ சட்டியில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தாய். அவள் உடைந்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் குடித்திருந்தான் என்று வீட்டில் முதலில் சொன்னதும் நான்தான். மறுநாள் காலையில் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தோணிக்குப் போனேன். எழுத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது. அந்தப் பயம் போக ஐம்பத்து மூன்று வருஷம் ஆயிற்று.

ஆகையால் டாக்டரை விட்டுவிடு. சீட்டு எழுதினவரையும் விட்டுவிடு. கோபப்பட வேண்டுமானால் என்மேல் படு, என் முகத்தில் முழிக்காதே. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போ. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கஸ்பார்


ராயபுரம்
22-5-1974

வியாகுலம்,

பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. பதில் இல்லை.

நீ கோபத்தில் எழுதவில்லையா, கடிதமே உன்னிடம் வரவில்லையா? இதைத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. தினமும் தபாலாபீசுக்குப் போகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கிறவர், "நைனா, நானா ரயிலை நிறுத்தினேன்? போ நைனா" என்கிறார். பஸ்ஸில் ஏறி வந்துவிடலாம் என்று இரண்டு தடவை நிறுத்தம்வரை போனேன். 'எண்ணூர்' என்று பலகையில் நானே படித்தேன். படித்துவிட்டு ஏறாமல் திரும்பிவிட்டேன். நீ வராதே என்று நினைத்திருந்தால்?

வகுப்புக்குப் போகவில்லை. ஆலிஸ் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் சிலேட்டோடு நின்றாள். எழுதுகிற மனநிலை இல்லை என்றேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

கஸ்பார்


நெட்டுக்குப்பம்
29-5-1974

அண்ணனுக்கு,

வேலைநிறுத்தம் முடிந்து உன் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. பதில் வராதது கோபத்தாலா, ரயிலாலா என்று கேட்டிருக்கிறாய். ரயிலால். கோபம் இனிமேல்தான் வருகிறது, படித்துக்கொள்.

எனக்குத் தெரியும். நீ குண்டூசியைக் குத்தும்போதே தெரியும். எங்கள் வகுப்பில் முதல் மாணவி நான். என் சட்டையில் தலைகீழாகத் தொங்குகிற பெயரைப் படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஃப்ளோரன்ஸ் என்று இருந்தது. உனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். தினமும் பாடத்தை உன் காதில் ஓதினவளே நான்தானே! இது என் சீட்டு இல்லை என்று நான் சொல்லியிருந்தால் வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். வாத்தியாரிடமிருந்து அப்பாவுக்குப் போகும். அப்பா உன்னைத் தோணிக்கு இழுத்துப் போவார். அதனால்தான் தலையாட்டினேன். பயத்தினால் இல்லை.

பெரிய தியாகம் என்று நினைத்து அழுதுகொண்டிருக்காதே. ஏற்கெனவே ஒரு தடவை விழுந்த பல் முளைத்ததே, இன்னொரு தடவையும் முளைக்கும் என்று நினைத்தேன். ஒரு வருஷம் காலையில் எழுந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

பல் போனதற்கு நான் உன்மேல் கோபப்பட்டதே இல்லை. மறுநாள் காலையில் நீ என்ன செய்தாய்? நீ பள்ளிக்கூடத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் நல்ல பல்லைப் பிடுங்கக் கொடுத்தேன். வாய் வீங்கி நான் படுத்துக் கிடக்கிறேன். நீ எழுந்து தோணிக்குப் போய்விட்டாய்! என் பல் வீணாகப் போயிற்று. அந்தக் கோபம்தான் ஐம்பத்து மூன்று வருஷமாக வாயில் கிடக்கிறது. உனக்கு மனு எழுதும்போதும், லீவு கடிதம் எழுதும்போதும், இவன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டாமே என்று பல்லைக் கடித்துக்கொண்டே எழுதினேன். இருக்கிற பற்களை.

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று எல்லாரும் கேட்கிறீர்கள். அந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டால் கையில் இருக்கிற சீட்டைப் பார்க்க முடியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வாயைத் திறக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

காய்ச்சல் இன்றைக்கும் இருக்கிறது. திங்கட்கிழமை வால்டர் லீவு போட்டு அழைத்துப் போகிறேன் என்கிறான். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ இருந்தால்தான். படிக்கத் தெரியும் என்று ஊரெல்லாம் கார்டு போட்டாயே, வந்து என் சீட்டைப் படி.

வியாகுலம்


ராயபுரம்
9-6-1974

சேசு மரி சூசை.

என் தங்கை வியாகுலத்துக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நான் சுகம், முட்டியும் சுகம். வீக்கம் வடிந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, சோறு சாப்பிடுகிறாய் என்று வால்டர் சொன்னான். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன்.

திங்கட்கிழமை நடந்ததை எழுதப்போகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். உன்னால் அன்றைக்குப் பேச முடியவில்லை, அதனால் நீ கவனித்திருக்க மாட்டாய்.

சீட்டு எழுதுகிறவன் உன் பெயரைக் கேட்டு எழுதி என் கையில் கொடுத்தான். எல்லாம் இங்கிலீஷ். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வருஷம் படித்தும் திரும்பப் பழைய கஸ்பார் ஆகிவிட்டேன்.

"தம்பி, இத்தத் தமிழ்ல எய்திக் குடுப்பா" என்றேன்.

"இன்னா பெரிசு, தமாசு பண்றியா? டாக்டரு படிப்பாரு, நீ இன்னாத்துக்குப் படிக்கணும்?"

"அப்டித்தான்பா ஒரு தபா சொன்னாங்க. இவ பல்லு பூட்ச்சு."

பின்னால் நாற்பது பேர். "யோவ் பெரிசு, நவுரு! எங்களுக்கும் பல்லு கீது!" என்று ஒருவன் கத்தினான். நிற்கட்டும் என்று நின்றேன். வால்டர் என் கையைப் பிடித்து இழுத்தான். நீ தாடையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாய். சத்தம் கேட்டு டாக்டரம்மா ஷம்ஷாத் வெளியே வந்தார். சின்ன வயது. என்ன என்று கேட்டார். நான் ஐம்பத்து மூன்று வருஷத்தையும் சொன்னேன். பூவரச மரம், சாமியார், கோயில்பிள்ளை, எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. உன் வாயைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சீட்டை வாங்கி, பின்பக்கத்தில் தமிழில் எழுதி, "படிங்க தாத்தா" என்றார்.

நீ நாற்காலியில் சாய்ந்தாய். ஊசி போட்டார். நான் உன் பக்கத்தில் நின்று படித்தேன். வியாகுலம்மாள். வயது அறுபத்தொன்று. கீழ்வரிசை. வலது பக்கம். கடைசிக் கடைவாய்ப் பல். ஒரு எழுத்தும் விடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உதட்டை மட்டும் அசைக்கவில்லை வியாகுலம், வராண்டாவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். டாக்டரம்மா, "சரியாப் படிச்சீங்க" என்றார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பரிசு வாங்கினதில்லை.

இதை வகுப்பில் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் பத்துக்குப் பத்து போட்டாள்.

உன் அண்ணன்,
கஸ்பார்


நெட்டுக்குப்பம்
16-6-1974

அன்புள்ள அண்ணனுக்கு, நான் நலம். நேற்று வஞ்சிரம் சாப்பிட்டேன், முள்ளோடு.

பத்துக்குப் பத்து போடுகிற அளவுக்கு உன் கதையில் ஒன்றும் இல்லை. நீ எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்த வேகத்துக்கு, போட்ட ஊசி வேலை செய்து முடிந்து திரும்ப உணர்வே வந்துவிடும் என்று பயந்துவிட்டேன். 'கடைவாய்ப்' என்ற இடத்தில் நீ நின்ற நேரத்தில் ஒரு ஜெபமாலை சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா குறடைக் கையில் வைத்துக்கொண்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி நானா, நீயா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வராண்டாவில் நாற்பது பேருக்கும் என் வயது தெரிந்துவிட்டது. வால்டர் இன்னும் அந்தப் பக்கம் தலைகாட்ட வெட்கப்படுகிறான்.

இனிமேல் எதுவாக இருந்தாலும் ரயில் ஏறி வந்து சொல். ஞாயிற்றுக்கிழமை சுகிர்தம் இறால் வறுக்கிறாள். உனக்குப் பதிலாகக் கார்டை அனுப்பி வைக்காதே.

நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்காது. நான் கவனிக்கவில்லை என்றல்லவா எழுதியிருக்கிறாய்? நீ அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து, விளக்கு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாய். சாய்ந்திருந்த எனக்கு நேராக அது வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் போதும், நீ முதல் எழுத்தைச் சொல்வதற்குள் நான் முழுவதும் படித்திருப்பேன்.

நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நீ படித்து முடிக்கும்வரை காத்திருந்து, வாயைத் திறந்தேன்.

உன் தங்கை,
வியாகுலம்